நாற்பது கிலோ முதுமை

காப்பகத்தில் காத்துக் கிடக்கும் வயதான பெரிய நாயைத் தத்தெடுக்க ஒரு வீடு எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

சென்னைப் புறநகரில் இருக்கும் விலங்குக் காப்பகம் எதற்கேனும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், கூட்டம் எங்கே நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். குட்டிகள் இருக்கும் கம்பி வலைக்கு முன்னால்தான். பினாயில் நெடியும், பின்கட்டில் கோழியும் அரிசியும் சேர்ந்து வேகும் வாசனையும் கலந்து வரும். வரிசையின் கடைசிக் கூண்டில், ஈரச் சாக்கின் மேல், ஃபேன் காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி ஒரு லேப்ரடார் படுத்திருக்கும். முகவாய் முழுக்க நரை. காலடிச் சத்தம் கேட்டதும் வால் தரையை இரண்டு முறை தட்டும். பிறகு எழப் பார்க்கும். முன்னங்கால்கள் ஊன்றிக்கொள்ளும், பின்னங்கால்கள் சிமென்ட்டில் வழுக்கும். மறுபடி முயலும். மூன்றாவது முயற்சியில் எழுந்து கம்பியருகே வருவதற்குள், வந்தவர் குட்டிகள் பக்கம் திரும்பியிருப்பார்.

அந்த மூன்று முயற்சிகளையும் வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் வயதான பெரிய நாயைத் தத்தெடுப்பது. பாசம் எவ்வளவு வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தரை, படிக்கட்டு, எடை, காலம் இவை நான்கும்தான் பெரும்பாலும் கணக்கில் வராமல் போகின்றன.

ஏழு வயதிலேயே கிழமா?

பொமரேனியனோ டாஷண்டோ ஏழு வயதில் இன்னும் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்கும். அதே வயதில் கிரேட் டேன் கிழம். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றை ஆறேழு வயதிலிருந்தே கால்நடை மருத்துவர்கள் முதுமைக் கணக்கில் வைக்கிறார்கள். செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப் போன்ற பேருருவங்களுக்கு அது இன்னும் முன்னதாகவே வந்துவிடும்.

பாலூட்டிகளில் உடல் பெரிதானால் ஆயுளும் நீள்வதுதான் பொது வழக்கம். எலியைவிட யானை நெடுநாள் வாழும். நாய் இனத்துக்குள் இது தலைகீழ். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொர்னேலியா க்ராஸ் குழுவினர் 74 இனங்களின் இறப்புத் தரவுகளை ஆராய்ந்து 2013-ல் ஒரு கணக்கைச் சொன்னார்கள்: உடல் எடையில் கூடும் ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஆயுளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைகிறது. பெரிய நாய்களுக்கு முதுமை முன்னதாகத் தொடங்குகிறது என்பதைவிட, தொடங்கிய பின் அது ஓடும் வேகம்தான் அதிகம் என்பது அவர்களுடைய முடிவு.

"நாயின் ஒரு வருடம் மனிதரின் ஏழு வருடம்" என்ற பழைய பெருக்கல் வாய்ப்பாடும் நிற்கவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 104 லேப்ரடார்களின் மரபணுவில் வயதோடு படியும் வேதிக் குறிகளை மனிதர்களின் குறிகளோடு ஒப்பிட்டு 2020-ல் வேறொரு சூத்திரம் தந்தார்கள். அதன்படி 7 வயது லேப்ரடார் 62 வயது மனிதருக்குச் சமம், 10 வயது லேப்ரடார் 68-க்குச் சமம். முதல் சில ஆண்டுகளிலேயே நாய் பெரும்பகுதி வயதை ஓடிக் கடந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால், காப்பகத்தில் "ஏழு வயது" என்று எழுதி மாட்டியிருக்கும் லேப்ரடார் பணி ஓய்வு பெற்று இரண்டு வருடமான ஆள்.

■ பெட்டி: எத்தனை காலம்?

வழக்கமான ஆயுள், ஆண்டுகளில்:
கிரேட் டேன்: 7 முதல் 10
செயின்ட் பெர்னார்ட்: 8 முதல் 10
ராட்வைலர்: 9 முதல் 10
லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர்: 10 முதல் 12
இவை சராசரிகள். பல்லைப் பார்த்து நாயின் வயதைத் துல்லியமாகச் சொல்வது குட்டிப் பருவத்தோடு முடிந்துவிடும். காப்பக அட்டையில் உள்ள வயதில் ஓரிரு ஆண்டுகளைக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்வது நல்லது.

எப்படி வந்து சேர்கின்றன

வெளிநாட்டு வேலை, வீடு மாற்றம், பிள்ளைப்பேறு, வளர்த்தவரின் மரணம் ஆகிய நான்கு காரணங்களைக் காப்பக ஊழியர்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்கள். ஐந்தாவதைக் கொண்டுவந்து விடுபவர் சொல்லமாட்டார், நாயின் உடம்பு சொல்லும். தொங்கும் மடிக்காம்புகள், கூண்டுக் கம்பியைக் கடித்துத் தேய்ந்த பற்கள், முழங்கையில் கெட்டியான காய்ப்பு. வருடக்கணக்கில் குட்டி போடவைத்துவிட்டு, ஈனுவது நின்றதும் ப்ரீடர் கழற்றிவிட்ட பெண் நாய் அது. 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள், 8 வயதுக்கு மேல் பெண் நாயைச் சினைப்படுத்தக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்கின்றன. பதிவே இல்லாத ப்ரீடருக்கு விதி ஏது? அப்படியோர் இடத்திலிருந்து தப்பிவந்த லேப்ரடாரின் கதைதான் 2022-ல் தமிழிலும் ஓடிய '777 சார்லி'. படம் முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் குட்டி லேப்ரடார் எங்கே கிடைக்கும் என்று தேடினார்களா, சார்லியின் வயதொத்த ஒன்றைத் தேடினார்களா என்பது தனிக் கேள்வி.

காவலுக்கு வாங்கிச் சங்கிலியிலேயே கிடந்த ஜெர்மன் ஷெப்பர்டும் ராஜபாளையமும் வேறொரு ரகம். கழுத்தில் பெல்ட் உராய்ந்த இடத்தில் முடி இருக்காது. பனிமலைக்கென்று உருவான செயின்ட் பெர்னார்டும் ஹஸ்கியும் இன்னொரு ரகம். குட்டியாகப் பஞ்சுப்பொதி போல் இருந்தபோது வாங்கியவருக்கு, முதல் மே மாதத்து மின்கட்டணம் வந்த பிறகுதான் விஷயம் புரிந்திருக்கும். இந்த வெயிலுக்கு ஒவ்வாத இத்தகைய சில வெளிநாட்டு இனங்களை இனப்பெருக்கம் செய்வதைத் தமிழக அரசின் 2024-ம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை தடுக்கிறது. அதற்கு முன்பே பிறந்து வளர்ந்தவை இனிமேல்தான் முதுமை அடையும்.

நாயைக் கைவிடுவது சட்டப்படி குற்றம். 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு அதைச் சொல்கிறது. முதல் முறை சிக்கினால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தச் சட்டம் வரக் காரணமானவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து நேருவை அசைத்தவர், 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவர். வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்தே இயங்கியது. அவர் காலத்து 50 ரூபாய் இன்றும் 50 ரூபாயாகவே இருக்கிறது. இன்று அது ஒரு வேளை நாய்ச் சோற்றுக்குக் காணாது.

தெரிந்த குணம்

குட்டியை வாங்குகிறவர் ஊகத்தைத்தான் வாங்குகிறார். அது எவ்வளவு பெரிதாகும், பிள்ளைகளோடு ஒட்டுமா, பட்டாசுச் சத்தத்துக்கு என்ன செய்யும் என எல்லாமே பிறகு தெரியவேண்டியவை. எட்டு வயது நாயில் மறைவாக எதுவும் மிச்சமில்லை. அதன் உயரம் இதுதான், குரல் இதுதான், பூனையைக் கண்டால் செய்வதும் இதுதான். செருப்பைக் கடிக்கும் பருவம் போய்விட்டது. பெரும்பாலானவை ஏதோ ஒரு வீட்டில் இருந்தவையாதலால் வெளியே போய்த்தான் சிறுநீர் கழிக்கவேண்டும் என்பதும் தெரியும். நடுவயதைத் தாண்டியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் குட்டியைவிட வயதான நாயே பொருத்தம். ஒரு நிபந்தனை: கயிற்றைப் பிடிப்பவரை அது இழுத்துத் தள்ளாமல் இருக்கவேண்டும். 40 கிலோ நாய் ஒரு முறை திமிறினால் 65 வயதுக்காரரின் இடுப்பெலும்பு போய்விடும். கழுத்து பெல்ட்டுக்குப் பதில் மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் இருவருக்குமே பாதுகாப்பு.

குணத்தைக் கூண்டுக்கு வெளியே பார்க்கவேண்டும். கம்பிக்குப் பின்னால் உறுமும் நாய் வெளியே வந்ததும் சாதுவாகிவிடலாம். கூண்டில் சாதுவாகக் கிடப்பது காய்ச்சலில் சுருண்டதாகவும் இருக்கலாம். பத்து நிமிடம் கூட்டிக்கொண்டு நடந்தால் பாதி தெரியும். மூச்சு இரைக்கிறதா, பின்னங்கால் நகங்கள் தரையில் உரசுகின்றனவா, படுத்த பின் எழ எவ்வளவு நேரமாகிறது. பாதத்தைத் தொடவிடுகிறதா, சோற்றுத் தட்டருகே ஆள் போனால் விறைக்கிறதா என்பதை ஊழியரைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் கடைசிக் கேள்விக்கான பதில்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

ராட்வைலர் போன்ற இனங்களில் நாயின் குணத்தோடு ஊரின் குணத்தையும் பார்க்கவேண்டியிருக்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வைலர்கள் கடித்துக் குதற, பயம் மறுபடி கிளம்பியது. அத்தகைய நாயை வீட்டுக்குக் கூட்டிவரும் முன், அதற்கு உரிமம் கிடைக்குமா, வாய்ப்பூட்டு குறித்த விதி என்ன என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடவேண்டும். அடுக்குமாடிச் சங்கங்களின் கதை வேறு. நாய் பெரிது என்பதற்காக அதை வளர்க்கத் தடைபோடவோ லிஃப்டை மறுக்கவோ சங்கத்துக்கு அதிகாரமில்லை என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அந்தக் காகிதத்தை நீட்டுவதைவிட, நாயை முதலில் கீழ் வீட்டு அம்மாவுக்கு அறிமுகப்படுத்துவது கூடுதலாகப் பலிக்கும்.

முதல் தொண்ணூறு நாள்

நாய் மீட்பாளர்கள் "மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்" என்று ஒரு கணக்குச் சொல்வதுண்டு. மூன்று நாள் மிரட்சி. சிலது சாப்பிடாது, சிலது கட்டிலடியை விட்டு வராது. மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும். மூன்று மாதத்தில்தான் அது தன் வீடு என்று நம்பும். வயதான நாய்க்கு இந்தக் கணக்கு நீளும். பத்து வருடம் ஒரே வாசலைக் காத்திருந்த நாய் சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், அது பழைய எஜமானர் வீடு திரும்பும் நேரமாக இருக்கும். அப்போது பிஸ்கட் நீட்டி அதன் கவனத்தைத் திருப்பவேண்டியதில்லை. உட்காரட்டும்.

முதல் வாரத்தில் தவிர்க்கவேண்டியவை அதிகம்: குளிப்பாட்டுவது, சொந்தக்காரர்களை அழைத்துக் காட்டுவது, திடீரென்று உணவை மாற்றுவது. குறிப்பாக, கட்டிப்பிடித்துப் படம் எடுப்பது.

தரையும் தெருவும்

தமிழ்நாட்டு வீடுகளின் பெருமை பளபளக்கும் டைல்ஸும் கிரானைட்டும். மூட்டுத் தேய்ந்த நாய்க்கு அது ஐஸ் கட்டி மேல் நடப்பது. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் குறை லேப்ரடாரிலும் ஜெர்மன் ஷெப்பர்டிலும் சாதாரணம். வயதானால் அது மூட்டுவாதமாகும். ஒரு முறை பின்னங்கால்கள் இரண்டும் விரிந்து சறுக்கி விழுந்த நாய், அதன்பின் அந்த அறைக்குள் வரவே பயப்படும். வைத்தியம் மலிவானது. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை, அங்கிருந்து வாசல் வரை, கயிற்றுப் பாயோ யோகா பாயோ வரிசையாகப் போட்டால் போதும். நகத்தைக் குட்டையாக வெட்டிவிடவேண்டும். படுக்கை நான்கு விரற்கடை கனமாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் எலும்பு துருத்தும் முழங்கைகள் புண்ணாகும்.

மாடி வீடாக இருந்து லிஃப்டும் இல்லையென்றால், இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்குமுன் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு மாடியேறிப் பார்க்கலாம். மூட்டை 25 கிலோதான், அது நெளியவும் செய்யாது. நாள்தோறும் மூன்று முறை வெளியே போகவேண்டிய நாய் ஒருநாள் படியிறங்க மறுக்கும்போது, தூக்க ஆள் இல்லாத வீட்டில் அது முடங்கிவிடும். தரைத்தளமோ லிஃப்டோ இல்லாதவர்கள் பெரிய நாயைத் தவிர்ப்பதே சரி. இதில் மனவுறுதியால் ஆவது ஒன்றுமில்லை.

தெருவில் இரண்டு எதிரிகள். ஒன்று வெயில். வயதான லேப்ரடார்களில் குரல்வளை மடல் சரியாகத் திறக்காத கோளாறு அடிக்கடி வரும். குரைப்பு கரகரக்கும், மூச்சு இரைச்சலோடு போகும். நாய்க்கு மூச்சிரைப்புதான் உடல் சூட்டைத் தணிக்கும் முக்கிய வழி. அந்த வழியே அடைபட்டால், சித்திரை மாதத்து நடை உயிரை வாங்கும். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் அவசரம். சூரியன் ஏறுமுன் ஒரு நடை, இருட்டிய பின் ஒரு நடை, அவ்வளவே.

மற்றொன்று தெருநாய்கள். புதிதாக வந்த பெரிய நாயை அவை விடாமல் சூழ்ந்து குரைக்கும். திருப்பிச் சண்டையிடத் தெம்பில்லாத நாய் பயந்து இழுக்கும், அல்லது பழைய வீறாப்பில் பாயும். நடக்கும் பாதையைத் தெருநாய்களின் எல்லையை விட்டுத் தள்ளி அமைத்துக்கொள்வதுதான் தீர்வு. வெறிநாய்த் தடுப்பூசி போட்டதற்கான சான்றைக் கைபேசியில் வைத்துக்கொள்வது நல்லது.

எடையால் பெருகும் செலவு

வெறிநாய்த் தடுப்பூசி பொமரேனியனுக்கும் கிரேட் டேனுக்கும் ஒரே அளவுதான். நாய் பெரிது என்பதால் செலவு கூடாத இடம் அநேகமாக அது ஒன்றே. குடற்புழு மாத்திரை பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று. உண்ணி மாத்திரைக்கு எடைக்கேற்ற விலை. மயக்க மருந்து, வலி மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாமே கிலோ கணக்கு. 35 கிலோ எடையுள்ள சாதுவான கிழ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,400 கலோரி வேண்டும். கடையில் விற்கும் உலர் உணவில் அது ஏறக்குறைய 400 கிராம், மாதம் 12 கிலோ.

அதற்குமேல் கொடுப்பது பாசமில்லை. 48 லேப்ரடார்களை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 25 சதவீதம் குறைத்து உணவளித்து, ஆயுள் முழுக்கக் கவனித்த பியூரினா நிறுவனத்தின் ஆய்வு 2002-ல் வெளியானது. குறைவாக உண்டவை ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதமும் தள்ளிப்போனது. காப்பகத்திலிருந்து வருவது எலும்பும் தோலுமாக இருந்தால் மெல்ல ஏற்றலாம். குண்டாக வந்தால், அதன் முதல் மருந்து இறக்கப்படும் எடைதான்.

■ பெட்டி: நம் சமையலறையில் கவனம்

வெங்காயம், பூண்டு: சாம்பாரிலும் கறிக்குழம்பிலும் கரைந்திருந்தாலும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.
உலர் திராட்சை: பாயசத்திலும் கேசரியிலும் ஒளிந்திருக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.
வேகவைத்த கோழி எலும்பு: கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.
சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா இனிப்பு: இரண்டும் நஞ்சு.
வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக்: மனிதர் மூட்டுவலிக்குப் போடுவதை நாய்க்குக் கொடுத்தால் வயிற்றில் இரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் வரும்.

தத்தெடுத்த முதல் வாரத்திலேயே ஒரு முழுப் பரிசோதனை தேவை. இரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம், தைராய்டு, கூடவே உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனை. எர்லிக்கியாவும் பபேசியாவும் நம் ஊரில் சர்வசாதாரணம். அறிகுறியே காட்டாமல் மாதக்கணக்கில் உடலில் ஒளிந்திருந்து, ஒருநாள் மூக்கில் இரத்தமாக வரும். கருத்தடை செய்யாத பெண் நாயானால் கருப்பையையும் ஸ்கேன் பார்க்கவேண்டும். இரத்தப்போக்குக் காலம் முடிந்த சில வாரங்களில் தண்ணீரை மடமடவென்று குடித்துச் சோர்ந்து கிடந்தால், கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அது அன்றைக்கே அறுவை சிகிச்சை கேட்கும் நோய். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. அங்கே கூட்டத்தில் காத்திருக்கப் பாதி நாள் போகும், ஆனால் தனியார் மருத்துவமனைக் கட்டணத்தைத் தாங்கமுடியாதவர்கள் பலர் அதை நம்பித்தான் பெரிய நாயை வைத்திருக்கிறார்கள்.

ஒரு நோயை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்கவேண்டும். அகன்று ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய்களுக்கு, வயிறு காற்றால் உப்பி அப்படியே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நாய் வாந்தியெடுக்க முயலும், எதுவும் வராது. வயிறு மத்தளம் போல் விறைக்கும். நிலைகொள்ளாமல் உலாவும். இதற்குக் கைவைத்தியம் இல்லை. ஓரிரு மணி நேரத்தில் மேசையில் படுக்கவைக்காவிட்டால் பிழைப்பது அரிது. இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கும் மருத்துவமனை எது, 40 கிலோ நாயை ஏற்றிக்கொள்ளும் வண்டி எது என்பவற்றுக்கு முன்கூட்டியே விடை இருக்கவேண்டும். பெரும்பாலான ஆட்டோக்காரர்கள் மறுத்துவிடுவார்கள். உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், தின்ற கையோடு ஓடவிடாதிருப்பதும் ஆபத்தைக் குறைக்கும்.

கடைசி வருடம்

எட்டு வயது லேப்ரடாரைக் கொண்டுவரும் வீட்டுக்கு இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகள் கிடைக்கலாம். அதில் கடைசி வருடம்தான் உண்மையான வேலை. இரவில் காரணமின்றிச் சுற்றும், சுவர் மூலையைப் பார்த்து நிற்கும், பழகியவரைக் கண்டு மலைக்கும். மனிதருக்கு வரும் மறதிநோய் போன்ற ஒன்று நாய்க்கும் உண்டு. படுத்த இடத்திலேயே சிறுநீர் போகும். இடுப்புக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கி நடக்கவைக்கவேண்டும். புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும்.

கருணைக்கொலை என்ற சொல்லே பல வீடுகளில் பாவமாகக் கருதப்படுகிறது. அதனால் முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள். வலியைச் சுமப்பது நாய். இந்த இடத்தில் உணர்ச்சியைவிட எண்கள் உதவும்.

■ பெட்டி: ஏழு கேள்விகள்

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்னும் ஏழுக்கும் தலா 0 முதல் 10 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். வாரம் ஒருமுறை, வீட்டிலுள்ள இருவர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இறந்த பின்னும் எடை இருக்கிறது. வாடகை வீட்டில் 40 கிலோ உடலைப் புதைக்க இடம் கிடையாது. விலங்குகளை எரியூட்டும் இடம் எங்கே, எத்தனை மணி வரை என்று நாய் உயிரோடிருக்கும்போதே விசாரித்து வைப்பதில் அபசகுனம் ஏதுமில்லை. அழுதுகொண்டே தொலைபேசி எண் தேடுவதுதான் கொடுமை.

இவ்வளவையும் படித்துத் தயங்குகிறவர்களுக்கு இடைவழி ஒன்று உண்டு. நிரந்தரத் தத்துக்கு முன் சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தற்காலிகப் பராமரிப்பைப் பல காப்பகங்கள் ஏற்கின்றன. மருத்துவச் செலவைக் காப்பகத்தோடு பகிரலாமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். அடையாள அட்டை, முகவரிச் சான்று, வீட்டைப் பார்வையிடும் தன்னார்வலருக்கு ஒரு காபி, கையெழுத்து, மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் இவற்றோடு சடங்குகள் முடிந்துவிடும்.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து வார நாள் ஒன்றில், கூட்டமில்லாத காலை நேரத்தில் போகவும். குட்டிகளைத் தாண்டிக் கடைசிக் கூண்டு வரை நடந்து, அது எழுந்து வரும்வரை நிற்கவும். காரில் ஏற்ற இரண்டு ஆளும், கெட்டியான பழைய போர்வை ஒன்றும் வேண்டும்.